கரையை அரிப்பது படகா, வேகமா?

ஆற்றில் படகு போனால் நீர் கொஞ்ச நேரம் கலங்கி, பிறகு அடங்கிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே படகு நீரை மூன்று விதமாக அசைக்கிறது. படகு விலக்கிய நீர் அதன் இரு பக்கமும் பின்னோக்கிப் பாய்கிறது. அதனால் கரையோர நீர்மட்டம் தாழ்ந்து, படகு கடந்ததும் மீண்டும் ஏறுகிறது. குறுகிய ஆற்றில் பெரிய சரக்குப் படகு போனால் இதைக் கண்ணாலேயே காணலாம். அடுத்து, பின்னால் விசிறிபோல் விரியும் அலை. மூன்றாவது, புரொப்பெல்லர் பீய்ச்சும் சுழல்நீர். ஆழமில்லாத இடத்தில் அது அடிமண்ணைக் கிளறிவிடும்.

கரையை வந்து அறைவது அலைதான். அலையின் உயரம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அலை எவ்வளவு உயரும் என்பது பெரும்பாலும் படகின் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே படகுகளின் எண்ணிக்கையைவிட அவை போகும் வேகமே முக்கியம். ஆனால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே அலை குறையும் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு மீட்டர் ஆழ நீரில் அலை மணிக்கு சுமார் 16 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது. படகு அந்த வேகத்தை நெருங்கும்போது அலை மிகவும் உயர்கிறது. நீரின் மேல் எழும்பிப் பறக்கும் சிறு படகு பாதி வேகத்துக்கு இறங்கினால், முன்பைவிடப் பெரிய அலையை எழுப்பக்கூடும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் பலன்.

இதற்குச் சான்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஓடும் கோர்டன் ஆறு. சுற்றுலாப் படகுகளின் அலையால் அதன் கழிமுகக் கரைகள் ஆண்டுக்குச் சராசரியாக 210 மில்லிமீட்டர் அரிக்கப்பட்டன. வேக உச்சவரம்பை 9 நாட், அதாவது மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர் என்று வைத்தபின் அது 19 மில்லிமீட்டராகக் குறைந்தது.

வெள்ளம் இதைவிட அதிகம் அரிக்காதா, ஆற்றின் மேற்பகுதியில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணையும் காரணமாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆற்றில் படகுகள் தொடர்ந்து ஓடிய பகுதியில் வண்டல் கரைகள் ஆண்டுக்கு 11 மில்லிமீட்டர் அரிபட, படகுகளை நிறுத்திய பகுதியில் அதே மாதிரிக் கரைகள் 3 மில்லிமீட்டரே அரிபட்டன. வெள்ளமும் அணையும் இரண்டுக்கும் பொது, வேறுபாடு படகுகள்தான். வெள்ளம் எப்போதாவது வரும். படகின் அலையோ நாள்தோறும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அடித்துக் கரையின் அடியைக் குடைகிறது. காற்றலைகூட அதிகம் எழாத ஆற்றுக்கு இது புதிய சுமை. கோர்டன் ஆற்றின் இந்த எண்கள் இன்னொன்றும் சொல்கின்றன: வேகக் கட்டுப்பாடு அரிப்பை வெகுவாகக் குறைக்கும், ஆனால் மென்மையான கரைகளுக்கு அது மட்டும் போதாமல் போகலாம்.