டெபாசிட் கேட்டால் என்ன சொல்வது?

2025 ஜனவரியில் புனேயின் சிங்ஹகட் சாலைப் பகுதியில் கிலன்-பாரே நோய் பரவியது. கால் மரத்துப்போவதில் ஆரம்பித்து, சில நாட்களில் நடக்க முடியாமல், சிலருக்கு மூச்சுவிடவும் முடியாமல் ஆகிவிடும். இதற்கு ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்துக்கு ஒரு கணக்கு உண்டு: கிலோ எடைக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். 5 கிராம் குப்பியாக வாங்கினால் 24 குப்பி. ஒரு ஊசி 20,000 ரூபாய் வரை என்று அப்போது செய்திகள் வந்தன. பெருக்கிப் பாருங்கள். ஐசியூ வாடகையும் வென்டிலேட்டரும் தனி. சம்பளக்காரர் வீட்டில் நகை போகும், வாட்ச்மேன் வீட்டில் ஊரில் இருக்கும் துண்டு நிலம் போகும்.

அரசு இலவச சிகிச்சை அறிவித்தது. மாநகராட்சியின் கமலா நேரு மருத்துவமனை, பிம்ப்ரியில் ஒய்.சி.எம்., சசூன் ஆகிய மூன்றிலும் அதற்கு ஏற்பாடு ஆனது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வார்டுக்கு வெளியே நடந்த வேலை. ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். கிணற்று நீரையும் குழாய் நீரையும் சோதித்தார்கள். நோயாளிகளின் மாதிரிகள் தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போய், சிலவற்றில் கேம்பிலோபேக்டர் கிருமி தெரிந்தது. தண்ணீர் சரியில்லாத தனியார் ஆர்.ஓ. நிலையங்கள் மூடப்பட்டன. எவ்வளவு பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையும் கட்டிலில் கிடப்பவரைத்தான் பார்க்கும். கிணற்றைப் போய்ப் பார்க்க அதற்கு ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. அரசு மருத்துவம் ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கும் அபார்ட்மென்ட்வாசி குடிப்பதும் அதே ஏரியாத் தண்ணீர்தான்.

இனி, கையில் இருக்கும் உரிமைகள். மகாத்மா ஜோதிராவ் பூலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மகாராஷ்டிர ரேஷன் கார்டு எந்த நிறமாக இருந்தாலும் சரி. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 'ஆரோக்கியமித்ரா' என்று ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். சேர்த்த அன்றே அவரைப் பாருங்கள். சிகிச்சைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதால், டிஸ்சார்ஜ் அன்று கார்டை நீட்டினால் பெரும்பாலும் பலன் இருக்காது. உதவி எண் 155388.

கட்கி, தேஹு ரோடு பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் சிக்கல் இல்லை. வேலைக்காகப் புதிதாக வந்து, ரேஷன் கார்டை ஊரிலேயே விட்டிருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். உங்கள் பெயர் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருந்தால் புனேயிலும் செல்லும். 70 வயது தாண்டிய அப்பா அம்மாவுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆதாரைக் காட்டி ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு எடுத்துவிடலாம்.

கார்டு எதுவும் இல்லையா? 2023 ஆகஸ்ட் 15 முதல் மாநிலப் பொது சுகாதாரத் துறை மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். அவுந்த் மாவட்ட மருத்துவமனை அந்தக் கணக்கில் வரும். சசூன் மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்தது, அதனால் இந்த அறிவிப்பில் சேராது.

பலருக்குத் தெரியாதது, அறக்கட்டளை மருத்துவமனைகளின் கடமை. மகாராஷ்டிர பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ், பம்பாய் உயர் நீதிமன்றம் 2006-ல் ஏற்ற திட்டப்படி, 10 சதவீதப் படுக்கைகள் பரம ஏழைகளுக்கு இலவசம்; இன்னொரு 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்தில். ஆண்டு வருமான வரம்பு முறையே 1,80,000, 3,60,000 ரூபாய். பளபளப்பான லாபியைப் பார்த்து, இது நமக்கில்லை என்று திரும்பிவிடாதீர்கள். போர்டில் 'தர்மாதாய்' (அறக்கட்டளை) என்று இருந்தால் உள்ளே போய் மருத்துவ சமூகப் பணியாளரைக் கேளுங்கள்.

அவசர நோயாளியிடம் முன்பணம் கேட்கவே கூடாது என்றும் அதே திட்டம் சொல்கிறது. 2025 மார்ச்சில் புனே தீனாநாத் மங்கேஷ்கர் மருத்துவமனைக்கு ஒரு கர்ப்பிணி வந்தார். 10 லட்சம் டெபாசிட் கேட்டார்கள் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். வேறிடத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற அவர் பிறகு இறந்துபோனார். விசாரணைக் குழுக்கள் அமைந்தன. அவசரப் பிரிவில் இனி டெபாசிட் வாங்குவதில்லை என்று மருத்துவமனை அறிவித்தது. விதி அதற்கும் பல வருடம் முன்பிருந்தே இருக்கிறது. அரசோ தனியாரோ, உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே கவுன்டரில் டெபாசிட் கேட்டால், "எமர்ஜென்சி கேஸ், முதலில் பாருங்கள்" என்று சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை எழுதித் தரக் கேளுங்கள். அங்கேயே பல நேரம் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் நேரம், ஆள் பெயர் குறித்துக்கொண்டு நோயாளியை 108-ல் வேறிடம் சேருங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அறக்கட்டளை மருத்துவமனை என்றால் புகார் புனே அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்கு. மற்ற தனியார் மருத்துவமனை என்றால் மாநகராட்சி சுகாதாரத் துறைக்கு. பில், ரிப்போர்ட் நகல் இல்லாமல் போகாதீர்கள்.

தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.