புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திணறுதா? பழைய ப்ராசஸர்தான் காரணமா? முழு விளக்கம்

மாசக்கணக்கா காசு சேர்த்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையா விலை கேட்டு, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியாச்சு. கம்ப்யூட்டர்ல மாட்டி கேமை ஓட்டினா பழைய வேகத்துக்கும் புது வேகத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கார்டில் கோளாறா? பெரும்பாலும் இல்லை. கார்டுக்கு வேலை கொடுக்க வேண்டிய ப்ராசஸர் பின்தங்கியதாக இருக்கலாம்.

ப்ராசஸருக்கும் கார்டுக்கும் என்ன தொடர்பு?

ஓட்டலில் தோசைக்கல்லை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும், ஆர்டர் எடுத்து வரும் சப்ளையர் மெதுவாக நடந்தால் மாஸ்டர் சும்மா நிற்க வேண்டியதுதான். இங்கே சப்ளையர் ப்ராசஸர், மாஸ்டர் கிராபிக்ஸ் கார்டு.

கேமில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எதிரி என்ன செய்கிறான் என்பதையெல்லாம் கணக்கிடுவது ப்ராசஸர். அந்தக் கணக்கு வந்த பிறகுதான் கார்டு காட்சியை வரையும். உதாரணமாக, ஒரு காட்சிக்கு ப்ராசஸர் 20 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 50 காட்சிகள்தான் தயாராகும். கார்டு 8 மில்லி விநாடியில் வரைந்து, விநாடிக்கு 125 காட்சிகள் தரக்கூடியதா இருந்தாலும் திரையில் கிடைப்பது 50 தான். இதைத்தான் 'பாட்டில்நெக்' என்கிறார்கள்.

எந்த ஜோடியில் பிரச்சினை வரும்?

2017-ல் வந்த இன்டெல் கோர் ஐ5-7400 ப்ராசஸரில் 4 கோர், 4 த்ரெட் மட்டுமே. அதனுடன் 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டைப் போட்டால், பல புது கேம்களில் கார்டின் முழு பலம் வெளியே வராது. கூட்டம் நிறைந்த காட்சிகளில் திடீர் திடீர்னு படம் நின்னு நின்னு ஓடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060, மதர்போர்டுடன் பேச 8 பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. அது பிசிஐஇ 4.0 வகை. பழைய போர்டுகளில் இருப்பது பிசிஐஇ 3.0 என்பதால் தகவல் போகும் வேகம் பாதியாகும். கார்டின் 8 ஜிபி மெமரி போதும் என்கிற கேம்களில் இழப்பு சிறிதுதான். மெமரி நிரம்பி வழிந்தால் அடி பலமாக விழும். 4 பாதைகளும் 4 ஜிபி மெமரியும் மட்டுமே கொண்ட ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் இந்த இழப்பு இன்னும் அதிகம்.

2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டுக்கு 'ரீசைசபிள் பார்' வசதி அவசியம். இன்டெல் ப்ராசஸர் என்றால் 10-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது தேவை. பழைய கம்ப்யூட்டருக்கு இதை யோசிக்காமல் வாங்கிடாதீங்க.

கண்டுபிடிப்பது எப்படி?

* கேமில் வி-சிங்க், எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு முழுசா உழைக்குது. 50, 60 சதவீதத்திலேயே நின்றால் ப்ராசஸர் மீது சந்தேகப்படலாம்.

* ப்ராசஸர் பயன்பாடு 60 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம். ஒரே ஒரு கோர் முழுசா நிரம்பினாலும் கேம் தடைபடும்.

* ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்பவும் எஃப்பிஎஸ் ஏறவில்லையா? கார்டில் குறை இல்லை.

ஆன்லைன் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' காட்டும் சதவீதத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கேமுக்கு கேம், ரெசல்யூஷனுக்கு ரெசல்யூஷன் விடை மாறும்.

தீர்வு என்ன?

செலவில்லாத வழி, ரெசல்யூஷனையும் காட்சித் தரத்தையும் ஏற்றுவது. ப்ராசஸரின் வேலை பெரிதாகக் கூடாது; சும்மா இருந்த கார்டுக்கு வேலை கிடைக்கும். அதே எஃப்பிஎஸ்-ல் படம் தெளிவாகும். கூட்டத்தின் அளவு, பார்வை தூரம் போன்ற செட்டிங்குகளைக் குறைத்தால் ப்ராசஸரின் சுமை இறங்கும்.

ஏஎம்டி ரைசன் 5 1600, 2600 வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பி450 போன்ற ஏஎம்4 போர்டு என்றால், பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5 5600 போடலாம். உங்கள் போர்டு மாடலுக்கு அந்த அப்டேட் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் முதலில் பாருங்கள்.

இன்டெல் 7-ம் தலைமுறைக்காரர்கள் கவனம்! 8-ம் தலைமுறை ப்ராசஸரின் சாக்கெட் பெயரும் எல்ஜிஏ 1151 தான். ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது. புது போர்டு வாங்கியே ஆகணும். ஐ5-12400எஃப் ப்ராசஸரும் டிடிஆர்4 போர்டும் எடுத்தால், பழைய டிடிஆர்4 ரேமை அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

அப்போ கார்டு வாங்கியது வீணா?

இல்லை. 4கே டிவியில் விளையாடுபவர்களுக்கும், பிளெண்டர் போன்ற மென்பொருளில் கார்டை வைத்து ரெண்டர் செய்பவர்களுக்கும் பழைய ப்ராசஸருடனேயே நல்ல பலன் கிடைக்கும். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களில் அதிக எஃப்பிஎஸ் வேணும்னா, ப்ராசஸருக்குத்தான் முதலில் செலவு செய்யணும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஐ5-7400 போன்ற ப்ராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ பட்டியலில் இல்லை. எப்படியும் ப்ராசஸரை மாற்ற வேண்டியிருக்கும் என்றால், பட்ஜெட் முழுவதையும் கார்டிலேயே போடாமல் இரண்டுக்கும் பிரித்து வைப்பதே நல்லது.