ஒத்தசொல் ஒன்றாகுமா?

எம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மின்சாரக் கட்டணப் பட்டியலுக்கும் பிள்ளையின் பாடசாலை அறிவித்தலுக்கும் நடுவே, ஆங்கிலச் சொற்கள் எழுதிய தாளொன்று ஒட்டப்பட்டிருக்கும். முதல் நிரலில் கடினமான சொல், அடுத்ததில் ஒத்தசொல், மூன்றாவதில் எதிர்ச்சொல். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நள்ளிரவில் திரும்பும் இளைஞரும், பிள்ளைகள் உறங்கிய பின் பாடம் படிக்கும் தாய்மாரும் அதனை மனனஞ் செய்கின்றனர். இம்முயற்சி போற்றுதற்குரியது. ஆயினும் அத்தாள் சொல்லாது விடும் உண்மை ஒன்றுண்டு. ஒத்தசொற்கள் ஒத்தவையே அன்றி ஒன்றானவை அல்ல.

நாம் அறிந்த இளைஞர் ஒருவர் தமது தஞ்சக் கோரிக்கையின் முதல் விசாரணையில், "ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனவங்கள்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதனை "அரெஸ்ட்" என்றார். மாதங்கள் பல கழிந்து நடந்த இரண்டாம் விசாரணையில், வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதே வாக்கியத்தை "அப்டக்ட்" என்று பெயர்த்தார். முன்னது சட்டத்தின் பெயரால் நிகழும் கைது, பின்னது ஆட்கடத்தல். இளைஞர் கூறியது ஒன்றே. நிராகரிப்புக் கடிதமோ அவர் இருவேறு கதை கூறியதாகக் குறிப்பிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே "டிடெயின்" என்றொரு சொல்லும் உண்டு. பிடித்துத் தடுத்து வைத்தல் என்பது அதன் பொருள். சுற்றிவளைப்புகளில் அகப்பட்ட எம்மவர் பலருக்கு நேர்ந்தது அதுவே.

இரு களஞ்சியங்கள்

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் குவிந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரசவையிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. குடிமக்கள் தமது பழைய மொழியையே பேசினர். கல்விமான்கள் இலத்தீனிலிருந்தும் சொற்களைக் கொணர்ந்தனர். அதனாற்றான் "ஆஸ்க்" என்பது வீட்டுச் சொல்லாகவும், "குவெஸ்ஷன்" என்பது அதனினும் இறுக்கமானதாகவும், "இன்ரெறகேற்" என்பது அதிகாரத்தின் சொல்லாகவும் நிற்கின்றன. மூன்றும் கேட்டலே. ஆனால் மூன்றாவதைக் கேட்டவுடன் மூடிய கதவும் மேசைவிளக்கும் எம் மனக்கண்முன் வருகின்றன.

இச்சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து 1852இல் நூலாக்கியவர் பீற்றர் மார்க் றோஜே என்ற மருத்துவர். அவரும் குடிபெயர்ந்தவர் ஒருவரின் மகன் என்பது எமக்கு உவப்பான செய்தி. தந்தையார் ஜெனீவாவிலிருந்து லண்டன் வந்த புரட்டஸ்தாந்து மதகுரு. நூல் வெளிவந்தபோது றோஜேயின் வயது 73.

இவ்வகை நூல் தமிழருக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி என நிகண்டுகள் எமக்கு வழிவழியாக உண்டு. றோஜேயின் நூலுக்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1849இல், நல்லூர் ஆறுமுக நாவலர் சூடாமணி நிகண்டின் உரையைச் சென்னையில் அச்சேற்றினார்.

ஒரு சொல்லின் விலை

"பொசிபிள்", "லைக்லி", "சேர்ட்டன்" ஆகிய மூன்றையும் பாருங்கள். முதலாவது நடக்கக்கூடியது; இரண்டாவது நடப்பதற்கு வாய்ப்பு மிக்கது; மூன்றாவது நிச்சயமானது. முதலிரண்டையும் ஒரே நிரலில் எழுதிவைக்கும் ஏடுகள் உண்டு. நீதிமன்றங்கள் அவ்வாறு எழுதுவதில்லை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் "தக்க ஆதாரமுள்ள அச்சம்" உடையவரையே அகதி என்கிறது. இத்தொடரின் பொருள் யாது என்ற வினா, ஈழத்தமிழர் அறுவரின் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் முன் வந்தது. சிவகுமாரன் வழக்கு எனப்படும் அதில் 1987 டிசெம்பரில் தீர்ப்பு வழங்கப்பட்டது. உள்ளத்தில் அச்சம் இருந்தால் மட்டும் போதாது. திரும்பிச் சென்றால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு "லைக்லிஹூட்" இருத்தல் வேண்டும் என்றனர் நீதியரசர்கள். 1988 பெப்ரவரியில் தமிழர் ஐவர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1991 ஒக்டோபரில் வழங்கிய தீர்ப்போ, வெறும் "பொசிபிலிற்றி" போதாது என்றது. அகராதியில் அருகருகே நிற்கும் இரு சொற்களுக்கு நடுவே மனித வாழ்வுகள் தொங்கிய கதை இது.

ஒலியால் மயக்குவனவும் உள. "பேர்சிக்கியூஷன்" என்பது இனம், மதம், அரசியற் கருத்து முதலியன காரணமாகத் துன்புறுத்தல். "புரொசிக்கியூஷன்" என்பது குற்றத்துக்காக வழக்குத் தொடுத்தல். முன்னது அடைக்கலத்துக்கு வழி திறக்கக்கூடும். பின்னது, அதனளவில், திறவாது.

எதிர்ச்சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். முன்னொட்டுச் சேர்ந்தவுடன் எதிர்ச்சொல் பிறந்துவிடும் என எண்ணற்க. "வலியுபிள்" என்றால் பெறுமதியானது. "இன்வலியுபிள்" என்றால் விலைமதிக்கவொண்ணாதது. "அன்இன்ரறெஸ்ரெட்" என்பவர் அக்கறையற்றவர். "டிஸ்இன்ரறெஸ்ரெட்" என்பவரோ பக்கஞ்சாராதவர். நீதிபதி இரண்டாமவராக இருக்கவேண்டும் என்றே நாம் வேண்டுவோம்.

எவ்வாறு பயில்வது?

நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் தனியே எழுதாது, நும் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறும் வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். ஒத்தசொல்லை அவ்வாக்கியத்தில் மாற்றி வைத்துப் பாருங்கள். பொருள் சற்றேனும் பிறழ்ந்தால், அப்பிறழ்வையே குறித்துக் கொள்ளுங்கள், கற்கவேண்டியது அதுவே. ஆங்கிலம் - ஆங்கில அகராதி ஒன்றைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருங்கள்.

விசாரணையில் விளங்காத சொல் வந்தால் தலையசைக்க வேண்டாம். விளங்கவில்லை என்று கூறுவது குற்றமன்று. மொழிபெயர்ப்பாளர் இருக்கும் இடத்தில் தமிழிலேயே, நடந்ததை நடந்தபடி, துல்லியமாகச் சொல்லுங்கள். யார் பிடித்தனர், சீருடை அணிந்திருந்தனரா, எங்கு கொண்டுசென்றனர், எத்தனை நாள் வைத்திருந்தனர் என்ற விபரங்கள் இருப்பின், பெயர்ப்பவர் தவறான சொல்லைத் தெரிவதற்கு இடம் குறையும்.

மேற்சொன்ன இளைஞர் மேன்முறையீட்டின்போது செய்ததும் இதுவே. தாம் கூறிய தமிழ் வாக்கியத்தைத் தாளில் எழுதி, அதன்கீழ் அந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் பொருளோடு எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்தார். கதை இரண்டல்ல, பெயர்ப்பே இரண்டு என்பது அப்போதுதான் கேட்போருக்கு விளங்கியது.