உலகைச் சுற்றியவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர்

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'எண்பது நாட்களில் உலகத்தைச் சுற்றி' நாவலைச் சுருக்கப் பதிப்பாகவாவது படித்தவர்கள் நம்மில் ஏராளம். அதன் நாயகன் யார் என்று கேட்டால் பிலியாஸ் ஃபாக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். லண்டன் ரிஃபார்ம் கிளப் நண்பர்களிடம் 20,000 பவுண்டு பந்தயம் கட்டி, 1872 அக்டோபர் 2 அன்று புறப்பட்டு, டிசம்பர் 21 அன்று குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்து ஜெயித்தவர் அவர்தான். ஆனால் ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. உலகைச் சுற்றியவர் ஃபாக். அதைப் பார்த்தவர் அவருடைய பிரெஞ்சு வேலையாள் பாஸ்பர்தூ. ஒரு பயணத்தால் விளையும் பலன் நேரக் கணக்கில் இல்லை, பார்க்கும் கண்ணில் இருக்கிறது என்பதற்கு இந்த நாவல் ஒரு சான்று. நம் கொங்கு நாட்டின் தொழில் வரலாறு இன்னொரு சான்று.

ஃபாக்கின் குணத்தை முதல் அத்தியாயத்திலேயே வெர்ன் காட்டிவிடுகிறார். சவரத்துக்குக் கொண்டுவந்த வெந்நீர் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பதில் 84 டிகிரியில் இருந்ததற்காக முந்தைய வேலையாளை நீக்கியவர் அவர். சூயஸில் கப்பல் நின்றபோது ஊரைப் பார்க்க அவர் இறங்கவில்லை. அயல்நாடுகளைத் தம் பணியாளர்களின் கண்வழியே பார்க்கும் ஆங்கிலேயர் வகை அவர் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். பம்பாயிலும் அப்படித்தான், கடவுச்சீட்டில் முத்திரை, ரயில் நிலையத்தில் சாப்பாடு, அவ்வளவோடு வேலை முடிந்தது. ரயிலில் ஏறியதும் சீட்டாட்டம். அதே பம்பாயில் பாஸ்பர்தூ தெருத்தெருவாக அலைகிறான், வேடிக்கை பார்க்கிறான், தெரியாமல் செருப்போடு கோயிலுக்குள் நுழைந்து அடியும் வாங்குகிறான். பாட்டுக்காரன், சர்க்கஸ்காரன், உடற்பயிற்சி ஆசிரியன், தீயணைப்பு வீரன் என்று பல தொழில் பார்த்தவன் அவன். எஜமானர் கணக்கிட்டபடி நகர்கிறார், இவன் வியந்தபடி நகர்கிறான்.

இந்த வேடிக்கை பார்க்கும் புத்தியால்தானே எல்லாத் தொல்லையும் வந்தது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கோயில் விவகாரம் கல்கத்தா நீதிமன்றம் வரை போய் ஃபாக்கின் பணத்தைத் தின்றது. ஹாங்காங்கில் துப்பறிவாளர் ஃபிக்ஸ் விரித்த வலையில் விழுந்து, அபின் கடையில் மயங்கிக் கிடந்தவனும் பாஸ்பர்தூதான். ஆனால் புந்தேல்கண்டில் உடன்கட்டை ஏற்றப்படவிருந்த அவுதாவைக் காப்பாற்ற, இறந்த மன்னரைப் போலச் சிதையிலிருந்து எழுந்து நின்று எல்லோரையும் நடுங்க வைத்தவனும் அவனே. அமெரிக்காவில் தாக்குதலுக்கு உள்ளான ரயிலை, பெட்டிகளுக்கு அடியில் தொங்கிக்கொண்டே போய் நிறுத்த வழிசெய்தவனும் அவனே. கிழக்கு நோக்கியே போனதால் ஒரு நாள் கூடக் கிடைத்திருக்கிறது என்பது துல்லியமே வடிவான ஃபாக்குக்குத் தெரியவில்லை. ஃபாக்–அவுதா திருமண ஏற்பாட்டுக்காகப் பாதிரியாரைத் தேடித் தெருவில் இறங்கிய பாஸ்பர்தூவுக்குத்தான் அது தெரியவந்தது. கடைசியில் பந்தயத்தைக் காப்பாற்றியது வீட்டுக்கு வெளியே காலடி வைத்த அந்த மனிதன்.

ஃபாக்கை உணர்ச்சியற்ற இயந்திரம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. அவுதாவைக் காப்பாற்றலாமே என்ற பேச்சை முதலில் எடுத்தவர் அவர்தான். ரயிலைத் தாக்கியவர்களிடம் பாஸ்பர்தூ சிறைப்பட்டபோது பந்தயத்தை மறந்து மீட்கப் போனவரும் அவர்தான். ஆனால், அவர் நம் மனத்தில் நிற்கும் இந்த இரண்டு இடங்களும் கால அட்டவணையை அவர் கைவிட்ட இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபிக்ஸுக்கு அந்த விடுதலைகூடக் கிடைக்கவில்லை. அவரும் உலகம் முழுக்கச் சுற்றினார். வங்கித் திருடன் என்று தாம் நம்பிய ஒரே மனிதரின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிறர் விருப்பத்தால் சிதை வரை கொண்டுவரப்பட்ட அவுதாவோ, பயணத்தின் முடிவில் திருமணப் பேச்சைத் தானே தொடங்கும் பெண்ணாக உயர்கிறாள். பந்தயப் பணத்தில் சுமார் 19,000 பவுண்டு வழியிலேயே செலவாகிவிட்டது. ஃபாக்குக்கு மிஞ்சிய உண்மையான லாபம் அவள்தான்.

வெர்ன் காட்டும் இந்தியா பொய்யானது என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். ஒரு பார்சிப் பெண்ணைப் புந்தேல்கண்ட் மன்னருக்கு மனைவியாக்கி உடன்கட்டை ஏற்றுவது நம்பும்படி இல்லை. நாவலில் அலகாபாத்துக்கு முன்னே தண்டவாளம் அறுந்து நிற்கிறது, ஃபாக் 2,000 பவுண்டுக்கு யானை வாங்குகிறார். ஆனால் பம்பாய்–கல்கத்தா ரயில் பாதை 1870இலேயே இணைந்துவிட்டது. வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்தக் குறை என் வாதத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. நாவலில் பலவீனமான இடங்கள், ஆசிரியர் தம் நாயகனைப் போலவே பார்க்காமல் கடந்த இடங்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஃபாக் பந்தயம் கட்டுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1862இல், சென்னையிலிருந்து பேப்பூர் செல்லும் ரயில் ஈரோடு, போத்தனூர் வழியாக ஓடத் தொடங்கிவிட்டது. 1871இல் சென்னை ரயில்வே ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. ஆக, நாவல் வெளிவந்த காலத்தில் போத்தனூரில் ஏறியவர் ரயிலிலேயே பம்பாய் சேர்ந்து, அங்கிருந்து சூயஸ் வழியாக லண்டனுக்குக் கப்பல் ஏறியிருக்க முடியும். உலகத்தைச் சுருக்கிய அந்த வலை கொங்கு நாட்டையும் தொட்டிருந்தது. ஆனால் பாதை வந்த மாத்திரத்தில் தொழில் வந்துவிடவில்லை. ராபர்ட் ஸ்டேன்ஸின் நூற்பாலை கோவையில் எழ 1888 ஆயிற்று. உள்ளூர்க்காரர்கள் இயந்திரத்தைப் புரிந்துகொண்டு தாங்களே செய்யத் துணிய இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

அப்படித் துணிந்தவர்களில் ஒருவர் ஜி.டி. நாயுடு. கோவை அருகே கலங்கலில் 1893இல் பிறந்த விவசாயி மகன். உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸோடு தொடங்கிய அவர் தொழில் பெரும் பஸ் நிறுவனமாக வளர்ந்தது. பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். போன இடமெல்லாம் கேமராவோடு போனார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் ஆலைகள் பெருகிய அந்தக் காலத்தில், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகப் போற்றப்படுகிறது. இன்று நாடெங்கும் போகும் கோவை மோட்டார், பம்ப்செட் தொழிலின் வேர் அந்த முயற்சிகளில் இருக்கிறது.

அவர் வியாபாரி, லாபத்துக்காகப் போனவர், பாஸ்பர்தூவோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். பஸ் நடத்தியவருக்கு நேரக் கணக்கும் முக்கியம்தான். ஃபாக்கின் ஒழுங்கு இல்லாமல் எந்தத் தொழிலும் நிற்காது. ஆனால் வாங்கி விற்க மட்டும் போகிறவர் சரக்கோடு திரும்புவார். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று குனிந்து பார்ப்பவர்தான் அதை ஊரில் செய்யும் துணிச்சலோடு திரும்புவார். ஒழுங்கு பயணத்தை முடித்துத்தரும், ஆர்வம் அதைப் பயனுள்ளதாக்கும்.

பத்து நாளில் ஏழு நாடு என்று சுற்றுலா விளம்பரங்கள் கூவும் இந்நாளில் நாம் எல்லோரும் ஃபாக் ஆகிக்கொண்டிருக்கிறோம். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் தொழில் நிமித்தம் வெளிநாடு போகிறவர்கள் இன்று ஏராளம். அவர்களுடைய பயணத் திட்டத்தில் எந்த வேலையும் குறிக்காத ஒரு நாளாவது இருக்க வேண்டும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய அந்த நாளை வீண் செலவு என்று யாரும் கணக்கெழுத வேண்டாம். இந்த நாவலைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள், எண்பது நாளில் முடித்தாரா என்பதோடு நிறுத்தாமல், அந்த எண்பது நாளில் யார் எதைப் பார்த்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.