குப்பைக்கு இடம் தேடுவதா, இரண்டு வாளி வாங்குவதா?

2022 ஜனவரியில் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. பரிசோதித்த மிருக வைத்தியர் அவற்றின் வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவு உறைகளும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும்தான். அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அந்த ஓரிடத்தில் மட்டும் சுமார் 20 யானைகள் இவ்வாறு மாண்டதாகச் செய்திகள் வெளியாகின. படங்கள் உலகமெங்கும் சுற்றின. நாமும் பகிர்ந்தோம், பரிதாபப்பட்டோம். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. எமது கரையோர ஊர்களும் அதில் அடக்கம். அதாவது அந்தப் பொலித்தீன் எங்கள் அடுப்படிகளிலிருந்து போனது.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. பள்ளக்காடு வெறும் குப்பை மேடாகத் தொடங்கப்பட்டதல்ல. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட இடம் அது. யானைகள் வராமலிருக்க மின்சார வேலியும் இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி வேலி பழுதானது. பிறகு அதைத் திருத்துவாரில்லை. குப்பை வந்து சேர்ந்தது, மீள்சுழற்சி நடக்கவில்லை. ஆகவே 'எங்களுக்குப் பணமில்லை, இடமில்லை, வசதியில்லை' என்று சபைகள் சொல்லும்போது நான் பள்ளக்காட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பணமும் வந்தது, இடமும் கிடைத்தது. பிறகு எது இல்லாமற் போனது?

ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய இரண்டாவது வாளி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இலங்கையில் வீடுகளிலிருந்து சேரும் குப்பையில் பாதிக்கும் அதிகமானவை உக்கக்கூடியவை. சோறு, கறி, மரக்கறித் தோல், மீன் செதில், கோழிக்குடல், தேங்காய்ப் பூ, வளவில் கூட்டிய இலைகுழை. இவை தனியே இருந்தால் பசளை. கடதாசி, போத்தல், பிளாஸ்டிக், தகரம் தனியே இருந்தால் காசு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும். மீன்தண்ணி ஊறிய கடதாசியை எந்த வியாபாரியும் வாங்கமாட்டார். கண்ணாடித் துண்டும் பழைய பற்றரியும் கலந்த பசளையை எந்த விவசாயியும் வயலில் போடமாட்டார். கலந்த குப்பையை எவ்வளவு பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினாலும் சில மாதங்களில் அந்த நிலையமே குப்பை மேடாகிவிடும்.

கிழக்கில் ஒரு சபையின் பசளைக் கொட்டிலுக்கு ஒருமுறை போயிருந்தேன். ஊரைச் சொல்ல விரும்பவில்லை. நல்ல கூரை, சீமெந்துத் தளம், சல்லடை இயந்திரம் எல்லாம் இருந்தன. உள்ளே நான்கு ஊழியர்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கட்டிய பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, அழுகிய சோற்றுக்குள்ளிருந்து பொலித்தீனைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு நொடியில் முடியும் வேலை. அதை நாற்றத்தில் நின்று நாள் முழுக்கச் செய்யும்படி வேறொருவரின் பிள்ளையிடம் விட்டிருக்கிறோம். அன்றைக்கு வந்த குப்பையில் கால்வாசியைக்கூட அவர்களால் பிரிக்க முடியவில்லை. மீதி பின்னாலிருந்த பள்ளத்துக்குப் போனது.

குப்பை மேட்டை ஆபத்தாக்குவதும் இந்த உக்கும் பகுதிதான். காற்றுப்படாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அதுதான் அடிக்கடி தீப்பிடிக்கக் காரணம். கறுப்புக் கழிவுநீர் கசிந்து கிணற்றுக்குப் போகிறது. மேடு உள்ளுக்குள் இளகிக்கொண்டே உயர்கிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லையில் சரிந்த மேடு சுமார் 300 அடி உயரமானது. 32 உயிர்கள் போயின. அதன் பிறகு கொழும்பு என்ன செய்தது? அடுத்த இடத்தைத் தேடியது. 2019இல் கொழும்புக் குப்பை சுமார் 170 கிலோமீற்றர் தாண்டிப் புத்தளம் அறுவைக்காட்டுக்கு வரத் தொடங்கியது. புத்தளத்து மக்கள், அதில் பெரும்பகுதியினர் எமது உறவுகள், மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் புத்தளத்துக்காகக் குரல் கொடுத்த நாம் எங்கள் ஊர்க் குப்பை எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டோமா?

கேரளத்து ஆலப்புழையில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. கடலும் காயலும் வாய்க்கால்களுமாக, எமது கரையோர ஊர்களைப் போலவே வெற்று நிலமில்லாத நெருக்கமான பட்டணம் அது. நகரக் குப்பை அயலிலுள்ள சர்வோதயபுரம் என்ற கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012இல் கிராமத்தவர்கள் குப்பை லொறிகளை மறித்துவிட்டார்கள். நகரம் நாறியது. கொழும்பைப் போல அடுத்த கிராமத்தைத் தேடாமல், உக்கும் கழிவை உண்டான இடத்திலேயே முடிக்கத் தீர்மானித்தார்கள். வளவுள்ள வீடுகளுக்குக் குழாய்ப் பசளை அமைப்பும் சிறிய உயிர்வாயுக் கலன்களும் மானிய விலையில் கொடுத்தார்கள். வளவில்லாதவர்களுக்குத் தெருவுக்குத் தெரு காற்றோட்டமுள்ள பசளைப் பெட்டிகள். ஏறக்குறைய நான்கடிச் சதுரம், பக்கங்களில் இடைவெளி, அடியில் சாணமும் காய்ந்த இலையும், மேலே கழிவு, திரும்பவும் இலை. ஏறத்தாழ 90 நாளில் பசளை. 2017இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றாடல் அமைப்பு கழிவு முகாமைத்துவத்தில் முன்மாதிரியான ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. பெரிய இயந்திரம் எதுவும் அங்கே இல்லை.

'மலையாளிகளுக்கு முடியும், எங்கள் சனங்களுக்கு முடியாது' என்பார்கள். எங்கள் நாட்டிலேயே பலாங்கொடை நகர சபை நீண்ட காலமாகத் தரம்பிரித்துப் பசளை செய்கிறது; மலசலகூடக் குழிகளிலிருந்து அகற்றும் கழிவையும் முறைப்படி பதப்படுத்திச் சேர்க்கிறது. 2008இல் தொடங்கிய 'பிலிசரு' திட்டத்தில் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட பசளை நிலையங்கள் கட்டப்பட்டன. அவற்றில் நன்றாக ஓடுபவையும் உண்டு, பூட்டிக் கிடப்பவையும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் வாசலுக்கு வரும் குப்பை பிரிக்கப்பட்டதா கலந்ததா என்பதில்தான்.

அப்படியென்றால் ஊர் ஒன்றுக்கு என்னதான் தேவை? முதலில் வண்டிக்கு ஒரு நாட்காட்டி. வாரத்தில் மூன்று நாள் உக்கும் கழிவு மட்டும், ஒரு நாள் உலர்ந்த கழிவு மட்டும். கலந்த பையை அந்த வண்டி ஏற்றக்கூடாது. இந்த ஓர் ஒழுங்கில்தான் எல்லாம் நிற்கிறது, பெரும்பாலான சபைகள் தோற்றுப்போவதும் இங்கேதான். மக்கள் பிரித்துக் கொடுக்க, டிராக்டர்காரர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவிடுவார். அதைக் கண்ணால் கண்ட வீட்டுக்காரி மறுநாள் பிரிப்பாளா? ஒரு தடவை உடைந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவது கஷ்டம். எனவே பெட்டியில் தடுப்புப் போடாமல், தனி நாள் குறிக்காமல் 'பிரித்துத் தாருங்கள்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது வீண்.

அடுத்தது பசளை முற்றம். பத்தாயிரம் குடும்பங்களுள்ள ஊரில் வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால் 20 தொன். அதில் 11, 12 தொன் உக்கக்கூடியது. அதை ஒரே இடத்தில் குவிக்க வேண்டியதில்லை, வட்டாரத்துக்கு ஒன்றாகப் பிரிக்கலாம். எமது சமையலறைக் கழிவில் ஈரம் அதிகம், அதனால் நாறும். வைக்கோல், காய்ந்த இலை, மரத்தூள், தும்புச் சோறு போன்ற உலர்ந்த பொருளைத் தாராளமாகக் கலந்தால் நாற்றம் நின்றுவிடும். அம்பாறையில் வைக்கோலுக்கும் உமிக்கும் என்ன பஞ்சம்? அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்துகிறோம். குவியலுக்குள் சூடு 55 பாகை செல்சியசைத் தாண்டிச் சில நாட்கள் நிற்க வேண்டும். களை விதையும் கிருமியும் அதில்தான் சாகும். வாரமொருமுறை புரட்டி, ஈரம் பார்த்து, இரண்டு மூன்று மாதத்தில் சலித்து எடுக்கலாம். கோழிக்கடைக் கழிவும் உழ்ஹிய்யா நாட்களில் சேரும் குடல், எச்சங்களும் தனி விடயம். அவற்றைத் தடிப்பான மரத்தூள் படைக்குள் புதைத்துத்தான் உக்க வைக்க வேண்டும். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் அவை வீசப்படுவதைப் பெருநாள்தோறும் பார்க்கிறோம், வெட்கமாக இருக்கிறது.

2021இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்தபோது எங்கள் விவசாயிகள் பசளைக்கு அலைந்ததை நினைத்துப் பாருங்கள். சில மாதங்களில் தடை நீக்கப்பட்டது. ஊர்க் குப்பையில் வரும் பசளை மாவட்டத்தின் வயலுக்கெல்லாம் போதாது, அப்படிச் சொல்பவர்களை நம்பவேண்டாம். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கும் மரக்கறிச் செய்கைக்கும் தாராளமாகக் காணும். வயல் மண்ணுக்குச் சேதனப் பொருள் வேண்டும் என்று எல்லோரும் பேசிய அதே காலத்தில் அதே மாவட்டத்தில் அது பள்ளக்காட்டில் யானைக்குத் தீனியாகிக்கொண்டிருந்தது.

உலர்ந்த கழிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய இரும்பு, போத்தல், பேப்பர் வாங்குகிறவர்கள் எங்கள் தெருக்களில் எப்போதும் இருந்தார்கள்; சபையின் எந்தத் திட்டத்துக்கும் முந்தியவர்கள். அவர்களுக்குக் கூரையுள்ள ஓரிடம், தராசு, கட்டு அமுக்கும் இயந்திரம், அடையாள அட்டை கொடுத்தால் மீள்சுழற்சி நிலையத்தின் பாதி வேலை முடிந்தது. அவர்களை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஆட்சேர்ப்பது சபைக்குச் சுமை.

மீள்பாவனைதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதில் சபையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வலீமாவில் ஐந்தாறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் விருந்து முடிந்ததும் கழுவ வேண்டியது சஹன் மட்டும்தான். இப்போது ஆளுக்கொரு பெட்டி, கரண்டி, யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல். நோன்புக் கஞ்சியையும் பாருங்கள். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோய் வாங்கியதைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். ஒரு பள்ளிவாசலில் நாளொன்றுக்கு 300 பைகள் என்றால் ரமழான் முடிய 9,000. கொதிக்கும் கஞ்சியைப் பொலித்தீனில் ஊற்றுவது உடம்புக்கும் கேடு. பள்ளிவாசல் நிர்வாகம் 'பாத்திரம் கொண்டு வந்தால்தான் கஞ்சி' என்று ஷஃபானிலேயே அறிவித்துவிட்டால் இந்தக் கணக்கு முடிந்துவிடும். சில நூறு உருக்குத் தட்டுகளும் குவளைகளும் வாங்கி, கழுவும் தொட்டியோடு ஓர் அறையில் வைத்து, திருமண வீடுகளுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்தால் அது ஒரு நிரந்தர வருமானம். கழுவும் இரண்டு பெண்களுக்குத் தொழில்.

இவ்வளவும் செய்தாலும் குப்பை பூச்சியமாகிவிடாது. பெம்பர்ஸ், பல படை உறைகள், உடைந்த செருப்பு என்று ஒரு பகுதி மிஞ்சும். 20 கிராமுக்குட்பட்ட சஷே பக்கெற்றுகளுக்கு 2021இல் சட்டம் வந்தும் பிரச்சினை தீரவில்லை. மிஞ்சியதைப் பாதுகாப்பாகப் புதைக்க ஓரிடம் வேண்டும்தான். ஆனால் அதில் சோறு இருக்காது. சோறு இல்லாவிட்டால் நாற்றமில்லை, மீத்தேன் இல்லை, யானையும் தேடி வராது.

2025 மே தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலான ஊர்களில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் மீண்டும் சபைகளில் இருக்கிறார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் குப்பைக்காக எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று அவர்களிடம் கேட்பது போதாது. உங்கள் வட்டார உறுப்பினர் வீதியில் எதிர்ப்பட்டால் இதைக் கேளுங்கள்: உக்கும் கழிவு ஏற்றும் வண்டி எங்கள் தெருவுக்கு எந்தெந்தக் கிழமைகளில் வரும்?