0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு எவ்வளவு நெல்லிக்காய்?

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அதன் கரையோரம் உள்ளன. தோல் கழிவுநீர் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28இல் வந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் தேங்கிய கழிவு மட்டும் 1.5 லட்சம் டன்னுக்குக் குறையாது.

குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) தரும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிப்பவருக்கு 0.15 மில்லிகிராம், அதாவது 2.9 மைக்ரோமோல். அத்தனையும் நச்சு மிகுந்த குரோமியம்-6 என்றே வைத்துக்கொள்வோம். அது தீங்கு குறைந்த குரோமியம்-3 ஆக மாற 3 எலக்ட்ரான் வேண்டும். ஒரு வைட்டமின் சி மூலக்கூறு தருவது 2. எனவே தேவை 4.3 மைக்ரோமோல், எடையில் 0.76 மில்லிகிராம். ஆணுக்கு ஐ.சி.எம்.ஆர். 2020இல் பரிந்துரைத்த 80 மில்லிகிராமில் இது 1 சதவீதம்கூட இல்லை. வரம்பைப்போல் 10 மடங்கு கலந்திருந்தாலும் 7.6 மில்லிகிராம் போதும். 100 கிராம் நெல்லிக்காயில் வைட்டமின் சி 252 மில்லிகிராம் என்கிறது 2017ஆம் ஆண்டு தேசிய உணவு அட்டவணை. பழைய அட்டவணையின் 600ஐ விட்டுவிட்டு இதையே எடுத்தாலும் 3 கிராம், ஒரு சிறு கீற்று.

இந்தக் கணக்கு வயிற்றுக்குள் நடக்கும்வரைதான் லாபம். செல்லுக்குள் புகுந்துவிட்ட குரோமியம்-6ஐ அதே வைட்டமின் சி மாற்றும்போது இடைநிலையில் குரோமியம்-5, குரோமியம்-4 பிறக்கின்றன; கடைசியில் வரும் குரோமியம்-3 புரதத்தையும் மரபணு இழையையும் பற்றிக்கொள்கிறது. வரவு அங்கே செலவாகிவிடுகிறது.

ஈயத்துக்கு, எலக்ட்ரான் தந்து மாற்றும் இந்த வழியும் இல்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு 0.24 மைக்ரோமோல். பெரும்பகுதி சிவப்பணுவில் தங்குவதால் அங்கே சுமார் 0.5 மைக்ரோமோல். அதே சிவப்பணுவில் உடலின் சொந்த ஆன்டி-ஆக்ஸிடன்டான குளுட்டாதையோன் சுமார் 2,000 மைக்ரோமோல்: 4,000 மடங்கு. இருந்தும் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழேயே, ரத்தச் சிவப்புக்கான ஹீமை உண்டாக்கும் ஆலாடு நொதி தளர்கிறது. அந்த நொதியின் மையத்தில் துத்தநாகத்தைப் பிடித்திருப்பவை 3 சிஸ்டீன்களின் கந்தகங்கள். ஈயம் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அவற்றில் இன்னும் இறுக்கமாக அமர்கிறது. ஆன்டி-ஆக்ஸிடன்டின் அளவைவிட பிடிப்பின் வலு பெரிது. ஈயத்தால் உண்டாகும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குளுட்டாதையோன் ஓரளவு குறைக்கலாம்; அமர்ந்த ஈயத்தை எழுப்புவது வேறு வேலை.

காட்மியத்துக்கு உடலே ஒரு புரதம் செய்கிறது. 1957இல் குதிரைச் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்ட மெட்டல்லோதையோனினில் சுமார் 60 அமினோ அமிலங்களுக்கு 20 சிஸ்டீன், மூன்றில் ஒரு பங்கு. ரத்த ஆல்புமினில் 585க்கு 35, அதாவது 6 சதவீதம். அதிலும் கட்டுப்படாமல் இருப்பது 1. மெட்டல்லோதையோனின் ஒன்று 7 காட்மிய அயனிகளைப் பிடிக்கும். பிடித்தாலும் வெளியேற்றுவதில்லை: உடலில் காட்மியத்தின் அரை ஆயுள் 10 முதல் 30 ஆண்டு.

மருத்துவம் எண்ணைப் பார்த்தே நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் எட்டினால் முதல் வேலை மூலத்தைக் கண்டு நிறுத்துவது. உணவில் குறைவுள்ள 10 வயதுவரையான குழந்தைக்குக் கால்சியம், இரும்பு. குழந்தைக்கு ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து பரிந்துரைக்கப்படுவது டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் எட்டினால்.