அரை விநாடித் தாமதம்

2024 மார்ச் மாதக் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளவு சரியாக வர வேண்டுமென்றால் கணினி மற்றபடி சும்மா இருக்க வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிசெய்யும் எஸ்எஸ்எச் நிரல் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்தது. யாரோ தவறான பெயரைக் கொடுத்து நுழையப் பார்க்கிறார்கள், கதவு உடனே சாத்தப்படுகிறது. நடப்பது அவ்வளவுதான். அதற்கு ஏன் இத்தனை உழைப்பு? நேரத்தை அளந்து பார்த்தார். 0.3 விநாடியில் முடிந்த வேலைக்கு இப்போது 0.8 விநாடி ஆனது.

அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. நூல் பிடித்துப் போனவர் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில் போய் நின்றார். கோப்புகளைச் சுருக்குவதும் விரிப்பதும் அதன் வேலை. பூட்டுக்கும் சாவிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் சில தொகுப்புகளில் எஸ்எஸ்எச் இன்னொரு நிரல் நூலகத்தைத் துணைக்கு அழைக்கும், அந்த நூலகம் எக்ஸ்இசட்டை அழைக்கும். அந்தச் சங்கிலி வழியே ஒரு பின்கதவு உள்ளே வந்திருந்தது. அதற்கான ரகசியச் சாவி வைத்திருப்பவர் அந்தக் கணினியில் தான் நினைத்த கட்டளையை இயக்கலாம்.

ஒளித்துவைத்த விதம் மலைக்க வைக்கிறது. எக்ஸ்இசட்டைச் சோதிப்பதற்கென்றே வேண்டுமென்று கெடுக்கப்பட்ட மாதிரிக் கோப்புகள் சில உண்டு. பார்ப்பதற்குக் குப்பை போலத்தான் இருக்கும். நஞ்சு அந்தக் குப்பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்துப் பொருத்தும் வரியோ, எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. திறமூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அன்றைக்குப் படிக்கக் கிடைத்தது ஒன்று, கணினிகளுக்குப் போனது வேறொன்று.

எக்ஸ்இசட்டை ஆண்டுக்கணக்காகப் பராமரித்தவர் பின்லாந்தின் லாசே கோலின். ஒற்றை ஆள், சம்பளம் இல்லை. 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, நல்ல திருத்தங்களாகவே அனுப்பினார். 2022-இல் வேறு சில பெயர்கள் முளைத்து, வேலை ஏன் இழுக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தால் என்ன என்று நெருக்கின. இது ஊதியமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று கோலின் விளக்க வேண்டியிருந்தது. மெல்ல மெல்லப் புதிய பதிப்பை வெளியிடும் உரிமை ஜியா டானிடம் போய்ச் சேர்ந்தது. பின்கதவு கொண்ட 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் சோதனை நிலைக்கு வந்திருந்தபோது, மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் அதை ஊரறியச் சொன்னார். இன்னும் சில மாதம் கவனிக்கப்படாமல் போயிருந்தால் உலகெங்கும் உள்ள சர்வர்களுக்கு அது பரவியிருக்கும்.

அந்தச் சர்வர்களில் பெரும்பாலானவை நிறுவனங்களுடையவை. எக்ஸ்இசட்டால் அந்த நிறுவனங்கள் நாள்தோறும் பயன்பெற்றன; ஆனால் களைத்துப்போன அந்த ஒற்றை மனிதருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு நம்பகமான ஆளை அவற்றில் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. ஏரிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்கள் கரையடைக்க ஆள் அனுப்பாமல் இருந்ததற்குச் சமம் இது. 2014-லேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. இணையத் தொடர்புகளை மறையீடு செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதுதான், அதற்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலரே நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். பிறகு லினக்ஸ் அறக்கட்டளை வழியாகக் கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் பணம் போட்டன. வெடித்த இடத்துக்குப் பணம் வந்தது; சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்இசட்டின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலின் கதை வேறு. அதில் வரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களின் சம்பளக்காரர்கள். இது தர்மம் அல்ல, கணக்கு. ஒரு நிறுவனம் தான் செய்த திருத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அதை மறுபடி ஒட்டவைத்துச் சோதிக்க வேண்டும். மூலத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டால், அடுத்த பதிப்பில் அது தானாக வந்துவிடும். பராமரிப்பும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஆள் உள்ளே இருப்பதால் கிடைக்கும் இன்னொரு லாபத்தை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது: ஏதாவது பிசகினால் உணரக்கூடிய கை அங்கே இருக்கும்.

ஃப்ராய்ண்டின் கை அப்படிப்பட்டது. அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர். அந்த நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத, யாருக்குமே தனிச்சொத்தாக இல்லாத போஸ்ட்கிரெஸ்ஸை மேம்படுத்துவதுதான் அவருக்குச் சம்பள வேலை. 2001-இல் அதே மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டிருந்தார். அந்த மனநிலையிலேயே நிறுவனம் உறைந்திருந்தால், அந்த அரை விநாடியைக் கவனிக்கும் இடத்தில் ஃப்ராய்ண்ட் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை.

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் பொருள் எந்தெந்தத் திறமூல நூலகங்களின் மேல் நிற்கிறது என்று இந்த வாரமே ஒரு பட்டியல் எடுங்கள். அதில் ஒற்றை ஆள் பராமரிக்கும் பெயர்களுக்கு நேரே கோடு போடுங்கள். உங்கள் பொறியாளர் ஒருவரை, வேலை நேரத்திலேயே, முதலில் அங்கே அனுப்புங்கள்.